பக்கத்து வீட்டுப் பில்லர் பிளானைத் தாண்டி நிற்கிறது. நகரமைப்பு ஆய்வாளர் என்னதான் செய்வார்?

அடிவாரத்துக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சேலத்துக்காரன். எந்தத் தெரு, எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் மருமகனும் இங்கே எழுதுகிறவராக இருக்கலாம்.

பக்கத்து மனையில் இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். கீழே இரண்டு கடை, மேலே வீடு என்று பேச்சு. என் பக்கம் ஒன்றரை மீட்டர் விடுவதாக ஆயுத பூஜை அன்று பொரி கடலையோடு வந்து பிளானை விரித்துக் காட்டியவரே அவர்தான். இப்போது பில்லர் எழும்பிவிட்டது. என் ஜன்னலில் இருந்து கையை நீட்டினால் கம்பி தட்டுகிறது. நேற்று டேப் வைத்துப் பார்த்தேன். காம்பவுண்டு சுவரில் இருந்து பில்லர் வரை 2 அடி 2 அங்குலம்.

போய் மனு கொடுத்தேன். "பார்க்கிறோம்" என்றார்கள். பன்னிரண்டு நாள் ஆகிறது, ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சென்ட்ரிங் பலகை வந்து இறங்கிவிட்டது. இந்த நகரமைப்பு ஆய்வாளருக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் இருக்கிறதா, இல்லையா?

கேள்விக்குறி

இருக்கிறது. கவர் வந்தால் தூங்கும், வராவிட்டால் விழித்துக்கொள்ளும். இழையை மூடிவிடலாம்.

பழைய_டேப்

மூட வேண்டாம். நான் நகரமைப்புப் பிரிவில் 31 வருடம் குப்பை கொட்டியவன். மூன்று நான்கு ஊர் மாற்றல், கடைசியில் ஆய்வாளராகவே ஓய்வு. தம்பி கேட்டதற்கு முதலில் பதில்.

அதிகாரம் இருக்கிறது. 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதில் 57ஆம் பிரிவு நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தச் சொல்வது, 56ஆம் பிரிவு கட்டி முடித்ததை அகற்றச் சொல்வது. இந்த இரண்டு எண்ணையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். நோட்டீஸை மதிக்காவிட்டால் பூட்டி சீல் வைக்கலாம். ஆனால் அந்த அதிகாரம் சட்டப்படி திட்டக் குழுமத்துக்கும், அது யாருக்குக் கொடுத்திருக்கிறதோ அவருக்கும் உரியது. டேப்பைத் தூக்கிக்கொண்டு வெயிலில் போகும் ஆய்வாளர் அளந்து, படம் எடுத்து, அறிக்கை எழுதி மேலே அனுப்புவார். கையெழுத்து மேலே இருந்து வர வேண்டும்.

சரி, பன்னிரண்டு நாள் ஏன் வரவில்லை? உங்கள் அலுவலகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. என் காலத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலையில் வந்ததும் பிளான் அனுமதிக் கோப்புகள். இப்போது எல்லாம் ஆன்லைன், எந்தக் கோப்பு யார் மேஜையில் எத்தனை நாள் கிடக்கிறது என்று மேலிடத்துக்குத் தெரியும். அதனால் அதுதான் முதலில். அடுத்து நீதிமன்ற வழக்குகள்; பதில் மனு தாக்கல் செய்யாவிட்டால் கமிஷனர் கூண்டில் நிற்க வேண்டும். அப்புறம் பேனர் அகற்றுவது, தேர்தல் வந்தால் தேர்தல் வேலை, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் மனுக்களுக்குப் பதில். இதெல்லாம் போக மிச்சம் இருக்கும் நேரத்தில்தான் பக்கத்து வீட்டுப் புகார். அதற்குத் தள்ளிப்போடக் கூடாத தேதி என்று எதுவும் கிடையாது. தேதி இல்லாத காகிதம் கட்டின் அடிக்குத்தான் போகும்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: தளம் போடுவதற்குள் கோப்பு எண் வாங்குங்கள். பில்லர் கட்டத்தில் நின்றால் அவருக்குக் கம்பியும் சிமென்டும் நட்டம், ஒத்துக்கொள்வார். தளம் போட்டுவிட்டால் கோர்ட்டுக்குப் போவார். மேலே குடிவந்து பால் காய்ச்சிவிட்டால் "குழந்தை குட்டியோடு தெருவில் நிற்கச் சொல்கிறீர்களா" என்பார். அன்றைக்கு எந்த ஆய்வாளருக்கும் வாய் வராது.

இரண்டு கேள்வி. உங்கள் தெரு தொடர் கட்டடப் பகுதியா? அப்படி என்றால் பக்க இடைவெளியே விட வேண்டாம், உங்கள் புகார் அங்கேயே படுத்துவிடும். இன்னொன்று, காம்பவுண்டில் இருந்து அளந்தேன் என்கிறீர்கள். காம்பவுண்டுதான் எல்லை என்று யார் சொன்னது?

செங்கல்_மணல்_ஜல்லி

ஐயா சொல்வது சரி. நான் கட்டித் தருகிற ஆள், அதனால் எங்கள் பக்கத்து லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீட்டுக்கு இரண்டு பிளான் உண்டு. ஒன்று அப்ரூவல் பிளான், மற்றது மேஸ்திரி கையில் இருக்கும் பிளான். வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "அதெல்லாம் அனுமதிக்கு, நமக்கு இப்படிப் போடுங்க." வேண்டாம் என்றால் அடுத்த தெரு ஆளிடம் போய்விடுவார்.

தளம் எப்போது போடுவோம் தெரியுமா? வெள்ளிக்கிழமை மாலைக்குள் கம்பி கட்டி முடித்து, சனிக்கிழமை ராத்திரி மிக்சர் ஓடும். திங்கட்கிழமை அலுவலகம் திறக்கும்போது தண்ணீர் கட்டி நிற்கும். அடிவாரத்துத் தம்பி, பொங்கல் லீவு பக்கத்தில் வருகிறது. கவனமாக இருங்கள்.

குகைக்காரர்

தொடர் கட்டடப் பகுதி என்றதும் சிரிப்பு வந்தது. சேலத்தில் குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டைப் பக்கம் வந்து பாருங்கள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் தறி, அந்தப் பக்கம் கொலுசுப் பட்டறை. சுவர் யாருடையது என்று தாத்தாவுக்கே தெரியாது.

எனக்கு நோட்டீஸ் வந்த கதை: பட்டறைக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு தகர ஷீட் போட்டேன், மழையில் உருக்கு அடுப்பு நனையாமல் இருக்க. ஒரே வாரத்தில் ஆள் வந்துவிட்டார். அதே தெரு முனையில் நாலு மாடி, கார் நிறுத்தும் இடத்தை மறித்து ஜவுளிக் கடை. அங்கே யாரும் போகவில்லை. புகார் கொடுத்தால்தான் வருவார்கள் என்றால், புகார் கொடுக்க ஆள் இல்லாதவன் தப்பிப்பான், எதிரி உள்ளவன் மாட்டுவான். இதுதான் சட்டமா?

பழைய_டேப்

குகைக்காரரே, அதில் எனக்கு மறுப்பு இல்லை. தகர ஷீட்டைப் பிரிப்பது அரை நாள் வேலை, அந்த மாத நடவடிக்கைக் கணக்கில் ஒரு எண் கூடும். நாலு மாடிக்கு நோட்டீஸ் கொடுத்தால் நோட்டீஸ் எழுதிய பேனா மூடும் முன் போன் வரும். அதற்கு மேல் அரசுக்கு மேல்முறையீடு, சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை. அந்தக் கோப்பு என்னோடு மூன்று மாற்றல் பார்த்திருக்கும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய கட்டடங்களை முறைப்படுத்த அதே 1971 சட்டத்தில் 113-சி என்று ஒரு பிரிவு கொண்டு வந்தார்கள். 2007 ஜூலை 1க்கு முன் கட்டியதற்குத்தான் அது. அதற்குப் பின் கட்டிவிட்டு "எப்படியும் ஒரு நாள் முறைப்படுத்துவார்கள்" என்று உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், அதிகாரி தாமதம் செய்தார், நான் இவ்வளவு செலவழித்துவிட்டேன் என்பதெல்லாம் விதிமீறலுக்குக் காப்பு ஆகாது என்று சொல்லிவிட்டது. கட்டி முடிக்கும்வரை அனுமதி பெற்ற பிளானைக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அடிவாரத்துத் தம்பி அதைப் போய்க் கேட்கலாம்.

கேள்விக்குறி

ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். 31 வருடத்தில் நீங்கள் வாங்கியதே இல்லையா?

பழைய_டேப்

கோபம் இல்லை, கேட்க வேண்டிய கேள்விதான். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி வாங்கியிருக்கிறேன். ஒரு வருடம் பெட்டிக்கு அடியில் உறை இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனேன். ஆனால் அதற்குள் பிள்ளைகள் மைசூர்பாகைத் தின்று தீர்த்துவிட்டார்கள், உறையை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த ஆள் இன்றைக்கும் "இனிப்பு சாப்பிட்டவர்தானே" என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாங்குகிறவர்கள் இருந்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் தோற்ற வழக்குகளில் பெரும்பாதி காசால் தோற்றவை இல்லை. காகிதத்தால் தோற்றவை. ஒரு வணிக வளாகத்துக்கு நோட்டீஸ். வாங்க மறுத்தார்கள். மைதா பசை காய்ச்சி, ஷட்டரில் நானே ஒட்டினேன். சர்வே எண் 14/2-ஏ என்று இருக்க வேண்டும். நான் 14/2 என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு எழுத்துக்கு எட்டு மாதம் கழித்து நோட்டீஸ் ரத்தானது. திரும்ப முதலில் இருந்து அளவு, அறிக்கை, கையெழுத்து. அதற்குள் மேலே இன்னொரு தளம் ஏறிவிட்டது. ஆய்வாளர் வேலை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த "ஏ" தான் நினைவுக்கு வரும்.

இப்போது நிபந்தனைகள் இன்னும் கூடிவிட்டன. இடிப்பதற்கு முன் 15 நாள் அவகாசம், பதிவு அஞ்சலில் நோட்டீஸ், கட்டடத்திலும் ஒட்ட வேண்டும், நேரில் விளக்கம் கேட்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாலை, நடைபாதை, நீர்நிலை ஆக்கிரமிப்பு போன்றவற்றுக்கு அது பொருந்தாது. நல்ல உத்தரவுதான். கண் இமைக்கும் நேரத்தில் பொக்லைனோடு போய் நிற்பது எங்கள் வேலை இல்லை.

மிளகுக்கொடி

கீழே இருக்கிறவர்களுக்குப் பன்னிரண்டு நாள் தாமதம். நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி யார் வருவார்கள்?

எங்கள் காபித் தோட்டத்துக்கு மேல் பக்கம் ஒருவர் சரிவை வெட்டினார். கேட்டதற்கு "எஸ்டேட் குவார்ட்டர்ஸ்" என்றார். அந்த குவார்ட்டர்ஸுக்கு நீச்சல் குளம் தோண்டியபோதுதான் எங்களுக்கு உறைத்தது. வெட்டிய மண்ணை அப்படியே ஓடை முகத்தில் தள்ளியிருந்தார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் மழை வந்ததே, மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அந்த இரண்டு நாளில் அந்த மண் முழுக்க எங்கள் பக்கம் இறங்கியது. சில்வர் ஓக் மரத்தில் ஏற்றியிருந்த மிளகுக்கொடி இடுப்பளவு சேற்றில். வேர் அழுகிப் பாதிக்கு மேல் போய்விட்டது.

புகார் கொடுத்து ஆய்வுக்கு ஒருவர் வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். அவர் வந்து சேரும்போது மணி நாலு, மேகம் இறங்கிவிட்டது. டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனை அவர் கையில். நடுவில் பனி, அவர் முகமே தெரியவில்லை. "அம்மா, எத்தனை காட்டுது?" என்று கத்துகிறார், நான் இந்தப் பக்கம் இருந்து கத்துகிறேன்.

மலைக்கு 1990இல் இருந்தே மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது போக ஊராட்சி, வருவாய்த் துறை, வனத்துறை. எந்தக் கதவைத் தட்டினாலும் "இது அவங்க" என்று அடுத்த கதவைக் காட்டுகிறார்கள். ஐயா, இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

பழைய_டேப்

அம்மா, ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதியிருப்பீர்கள். அதைப் பிரியுங்கள். ஓடையில் மண் கொட்டியது வருவாய்த் துறை. ஓடைப் புறம்போக்கு என்றால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், தாசில்தார். அனுமதி இல்லாத கட்டடம் நகர் ஊரமைப்பும் ஊராட்சியும். மரம் வெட்டியிருந்தால் வனத்துறை. மூன்று மனு, மூன்று ரசீது. ஒரே மனுவாக இருந்தால் ஒவ்வொருவரும் மற்றவர் பகுதியைக் காட்டித் திருப்பி அனுப்பத்தான் செய்வார்கள், நானும் அனுப்பியிருக்கிறேன். ஒரு மாதத்தில் அசைவு இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி "என் மனு மீது எடுத்த நடவடிக்கையின் கோப்புக் குறிப்பு நகல்" என்று கேளுங்கள். ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

இங்கிலாந்து_சேலத்தான்

இங்கே சும்மா எட்டிப் பார்த்தேன், பேச்சு சுவாரசியமாக இருக்கிறது. நான் இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் சமையலறையை நீட்டிக் கட்டினேன். பக்கத்து வீட்டு அம்மா தினமும் "குட் மார்னிங்" சொல்வார், புகாரும் அவர்தான் கொடுத்தார். கவுன்சிலில் (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) இருந்து ஒருவர் வந்தார். டீ வேண்டாம் என்றார், அளந்தார், போனார்.

இங்கே அனுமதி இல்லாமல் கட்டுவது பொதுவாக அந்த அளவில் குற்றம் இல்லை. நோட்டீஸ் கொடுத்த பிறகும் அதன்படி நடக்காவிட்டால்தான் குற்றம். அதோடு நடவடிக்கை எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கவுன்சிலுக்குக் கிடையாது; ஊருக்குக் கெடுதல் உண்டா என்று பார்த்து முடிவு செய்யலாம். கட்டி முடித்ததற்கு இப்போது அனுமதி கேட்டு விண்ணப்பம் போடச் சொன்னார்கள். ஏழு மாதம் இழுத்தடித்துக் கொடுத்தார்கள்.

முன்பெல்லாம் கட்டி நாலு வருடம் யாரும் கேட்காவிட்டால் தப்பித்தான். 2024 ஏப்ரல் 25க்குப் பின் முடிந்த வேலைக்கு இங்கிலாந்தில் அதைப் பத்து வருடம் ஆக்கிவிட்டார்கள். நாலு வருடத்தை நம்பி ஒரு விவசாயி செய்தது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ராபர்ட் ஃபிட்லர் என்று பெயர், சர்ரேக்காரர். வைக்கோல் கட்டுகளை மலை மாதிரி அடுக்கி, அதற்கு உள்ளே கோட்டை போல ஒரு வீடு கட்டிக் குடும்பத்தோடு குடியிருந்தார். 2006இல் வைக்கோலை எடுத்தார். "நாலு வருடம் ஆகிவிட்டது" என்றார். ஒளித்து வைத்ததே கட்டட வேலையின் பகுதிதான், அதனால் வைக்கோலை எடுத்த நாளில் இருந்துதான் கணக்கு என்று நோட்டீஸ் உறுதியானது. பல வருடம் வழக்காடினார். 2016இல் தானே இடித்தார்.

செங்கல்_மணல்_ஜல்லி

வைக்கோலா? அந்தச் செலவெல்லாம் எதற்கு? நம்ம ஊரில் பச்சை வலை போதும்.

அடிவாரத்துக்காரன்

எல்லோருக்கும் நன்றி. தொடர் கட்டடப் பகுதி இல்லை, விசாரித்துவிட்டேன். இன்று அந்தப் பிளானைப் பக்கத்து வீட்டுக்காரரின் தம்பியிடம் நைசாகக் கேட்டுப் போனில் படம் எடுத்தேன். அதில் "சுயசான்று" என்று இருக்கிறது. தரைத்தளம், முதல் தளம், முழுக்கக் குடியிருப்பு. கடை என்ற பேச்சே இல்லை. இது உதவுமா?

பழைய_டேப்

தம்பி, இதை முதல் நாளே போட்டிருக்கக் கூடாதா!

சுயசான்று 2024 ஜூலையில் வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் உள்ள வீடு என்றால் ஆன்லைனில் போட்டவுடன் அனுமதி. ஆய்வாளர் முன்கூட்டிப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொள்ளும் ஆளுக்கு அது பெரிய நிம்மதி, அதைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அது வீட்டுக்கு மட்டும். கீழே கடை வைக்க அதில் அனுமதி வாங்க முடியாது. இடைவெளி குறைவு ஒரு மீறல், பயன்பாடு மாற்றம் இரண்டாவது மீறல். ஷட்டருக்கு விட்ட வாசலையும் படம் எடுங்கள். "2 அடி 2 அங்குலம்" என்ற புகாரைவிட "வீட்டு அனுமதியில் கடை கட்டுகிறார்" என்ற புகார் கோப்பில் வேகமாக நகரும். இன்னொரு மனு போடுங்கள், பழைய மனுவின் எண்ணைக் குறிப்பிட்டு.

அப்புறம், எல்லைக் கல் விஷயத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அடிவாரத்துக்காரன் (ஒன்பது நாள் கழித்து)

வந்தார்கள். வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்கு, ஆய்வாளரும் ஒரு உதவியாளரும். ஆய்வாளர் பெண், வயது முப்பதுக்குள். முதல் வேலையாகப் பிளானைக் கேட்டார். மேஸ்திரி காட்டிய பிளான் வேறு, அவர் டேப்லெட்டில் இருந்தது வேறு. அதை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். ஷட்டர் வாசலைப் பார்த்தார், எழுதினார், ஒன்றும் பேசவில்லை.

அளக்கும்போது நான் காம்பவுண்டைக் காட்டினேன். "சார், காம்பவுண்டு எனக்கு வேண்டாம், கல் எங்கே?" என்றார். புல வரைபடத்தை வைத்துத் தேடி, செம்பருத்திச் செடிக்கு அடியில் கல்லைக் கண்டுபிடித்தோம். முனை உடைந்த கல். அதில் இருந்து கயிறு கட்டினால், என் அப்பா 1988இல் கட்டிய காம்பவுண்டு அவர்கள் மனைக்குள் ஒன்பது அங்குலம் போயிருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் செம்பருத்தியைப் பார்த்தேன்.

ஆய்வாளர், "அது உங்க இரண்டு பேர் விஷயம், சர்வேயர் வைச்சு அளந்துக்குங்க, சிவில். நான் எழுத வேண்டியது இது" என்று சொல்லிவிட்டுக் கல்லில் இருந்து பில்லர் வரை எழுதினார்: 2 அடி 11 அங்குலம். ஒன்றரை மீட்டருக்கு அப்போதும் இரண்டு அடி குறை. திங்கட்கிழமை வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ். பக்கத்து வீட்டுக்காரர் வாங்க மாட்டேன் என்றார், முன் பில்லரிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். சென்ட்ரிங் ஆட்கள் முட்டுக்கம்புகளைக் கழற்றி வண்டியில் ஏற்றுகிறார்கள்.

ஒரே ஒரு சிக்கல். இன்று காலை எழுந்து பார்த்தால் எதிர்வீட்டு ஆடு நோட்டீஸின் கீழ்ப் பாதியைத் தின்றுவிட்டது. மைதா பசை வாசனைக்குப் போலிருக்கிறது. கையெழுத்து இருந்த பாதி.

பழைய_டேப்

சிரிக்காதீர்கள், இதெல்லாம் கோர்ட்டில் வரும். ஒட்டியபோது ஆய்வாளர் தேதி, நேரத்தோடு படம் எடுத்திருப்பார். சாட்சிக் கையெழுத்து யார் போட்டார்கள் என்று பாருங்கள். மிச்சம் இருப்பதை ஆட்டோடு சேர்த்து ஒரு படம் எடுத்து அலுவலகத்தில் கொடுங்கள், இன்னொன்று உயரத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பதிவு அஞ்சலிலும் அனுப்பினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் எல்லை அளக்க நீங்களே முந்திக்கொண்டு பணம் கட்டுங்கள். அவர் கட்டினால் அந்த ஒன்பது அங்குலம் பெரிதாகத் தெரியும்.

அடிவாரத்துக்காரன்

கட்டிவிட்டேன் ஐயா. ரசீது கையில் இருக்கிறது. சர்வே எண்ணை மூன்று தடவை சரிபார்த்தேன்.